நோய்க் குறிப்பும் ஓர் அடைக்கலப் பொருளே

மனிதன் தன் உடைமைகள் சிலவற்றைப் பிறர் கையில் ஒப்படைத்தே வாழ வேண்டியவனாக இருக்கிறான். பணத்தை வங்கியிலும், நகையைப் பெட்டகத்திலும், பிள்ளையைப் பள்ளியிலும் விடுகிறான். இவற்றினும் நுண்ணிய உடைமை ஒன்று உண்டு. அது அவனுடைய உடலைப் பற்றிய செய்தி. இல்லாளுக்கும் உடன்பிறந்தாருக்கும் சொல்லத் தயங்கும் ஒன்றை, முன்பின் அறியாத மருத்துவரிடம் அவன் சொல்லிவிடுகிறான். சொல்லாவிடில் மருந்து இல்லை. ஆதலால் அதனை மனமுவந்து அளித்த கொடை என்று கூறுவதற்கில்லை. துன்பம் வாய்திறக்கச் செய்து பெற்ற செய்தி அது. அவ்வாறு பெற்ற செய்தியை மருத்துவமனைகள் கணிப்பொறியில் ஏற்றித் தமக்குள் பரிமாறிக்கொள்ளலாமா, எவருடைய இசைவோடு, எந்த அளவுக்கு என்பது இன்று நாடெங்கும் எழுந்துள்ள வினா. பொறியாளர்களின் வேலை என்று இதனை ஒதுக்குவோர் பலர். கம்பியும் கருவியும் அவர்கள் பொறுப்பே. எதை எவரிடம் சொல்லலாம் என்னும் வினாவோ கணிப்பொறி தோன்றுமுன்பே அறநூலார் எடுத்துக்கொண்ட வினாவாகும்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்து ரிஷிவந்தியம் வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். இங்கு ஒருவர் நோயுற்றால் அவர் செல்லும் வழி ஒன்றாக இருப்பதில்லை. முதலில் ஊர்ச் செவிலியர். பின்பு ஆரம்ப சுகாதார நிலையம். குணமாகாவிடில் தியாகதுருகத்திலோ சங்கராபுரத்திலோ ஒரு தனியார் மருத்துவர். அதன்பின் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அங்கும் இயலாதெனின் முண்டியம்பாக்கம், சேலம், அல்லது புதுச்சேரி ஜிப்மர். இவற்றுள் சில மாநில அரசினுடையவை; ஜிப்மர் மத்திய அரசினுடையது; இடையில் உள்ளவை தனியாருடையவை. நோய் இந்த எல்லைகளை அறியாது. கோப்புகள் நன்றாக அறியும்.

இத்தனை இடங்களையும் இன்றளவும் இணைத்து வருவது ஒரு துணிப்பை. ஓ.பி. சீட்டு, ஸ்கேன் படம், இரத்தப் பரிசோதனைத் தாள், பாதி தீர்ந்த மாத்திரை அட்டை, மடங்கிக் கிழிந்த டிஸ்சார்ஜ் சம்மரி ஆகிய யாவும் அதற்குள் இருக்கும். வீட்டில் சற்றுப் படித்த பெண் ஒருத்தி அதனைக் காத்து வருவாள். பை பேருந்தில் தவறினாலோ, மழையில் நனைந்தாலோ நோயாளியின் பழைய வரலாறு அதனோடு அழிந்தது. அடுத்த மருத்துவர் எல்லாப் பரிசோதனைகளையும் மீண்டும் எழுதிக் கொடுப்பார். "முன்பு சாப்பிட்ட மாத்திரை என்ன நிறம்?" என்று கேட்பார், நோயாளி "வெள்ளை" என்பார். மாத்திரைகளில் பெரும்பாலானவை வெள்ளைதாமே! ஒரு மருந்து ஒவ்வாது என்று ஓரிடத்தில் கண்டறிந்தது மற்றோரிடத்திற்குத் தெரியாமற்போய், அதே மருந்து மீண்டும் ஏறுமாயின், அங்கே நிகழ்வது உயிர்க்கு இழைக்கும் ஊறு அன்றி வேறென்ன? செய்தியை வெளியிடுவதால் வரும் தீங்கைப் பற்றியே நாம் மிகுதியும் பேசுகிறோம். சேர வேண்டிய இடத்திற்குச் சேர்க்காமையால் வரும் தீங்கு ஓசையின்றி நடப்பதால் அதனை எவரும் கணக்கில் எழுதுவதில்லை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நிகழ்ந்ததை இங்கே நினைவு கூர்தல் தகும். மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்தவர்களுள் 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நோயுற்றோர் கள்ளக்குறிச்சி, சேலம், முண்டியம்பாக்கம், ஜிப்மர் என நான்கு மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். மெத்தனாலின் கொடுமை குடித்தவுடன் தெரிவதில்லை. உடல் அதனைப் பார்மிக் அமிலமாக மாற்றுகிறது; அரை நாளோ ஒரு நாளோ கழித்தே கண் மங்கும், மூச்சு முட்டும். மாற்று மருந்தை முன்னதாகக் கொடுத்தால் கண்ணையும் உயிரையும் காக்க இயலும். ஆகவே முதலில் இறந்தவர் எதனால் இறந்தார் என்னும் செய்தி, அதே சரக்கைக் குடித்துவிட்டு இன்னும் நலமாக நடமாடிக்கொண்டிருந்த அண்டை வீட்டாருக்கு மருந்தாகவே இருந்தது. தொடக்கத்தில், அச்சாவுகளுக்குச் சாராயம்தான் காரணம் என்று உறுதியாகவில்லை என்று மாவட்ட நிர்வாகத்தின் சார்பில் கூறப்பட்டது. அந்த மணி நேரங்களின் விலை இன்னதென்று கணக்கிட்டுச் சொல்ல எவராலும் இயலாது. இறந்தவரிடம் இசைவு கேட்க முடியாது. நினைவிழந்து வந்தவரிடமும் கேட்க முடியாது. இத்தகைய வேளையில் செய்தி விரைந்து பரவுவதே அறம் என்பதில் ஐயமில்லை. 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், உயிருக்கு ஆபத்தான மருத்துவ நெருக்கடியில் இசைவின்றியும் விவரத்தைக் கையாள இடமளிக்கிறது.

அவ்வாறாயின் எல்லாவற்றையும் எல்லோருக்கும் திறந்துவிடலாமோ எனின், அங்குதான் சிக்கல் தொடங்குகிறது.

செய்தி செல்லும் திசையை முதலில் நோக்க வேண்டும். நம் மாநிலத்தில் விவரம் திரட்டும் ஏற்பாடுகளுக்குக் குறைவில்லை. கருவுற்ற தாய் ஒவ்வொருவரும் பிக்மி என்னும் பதிவில் ஏறி, 12 இலக்கம் கொண்ட ஆர்.சி.எச். எண் பெறுகிறார். 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர், வீடு தேடிச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக் குறித்துக்கொள்கிறார். காசநோயாளியின் பெயர் நிக்ஷய் என்னும் பதிவில் ஏறுகிறது. இவை யாவும் நற்பணிகளே. ஆயினும் இவ்விவரங்கள் பெரும்பாலும் மேல்நோக்கியே பாய்கின்றன. ஊரிலிருந்து வட்டாரத்திற்கு, வட்டாரத்திலிருந்து மாவட்டத்திற்கு, அங்கிருந்து சென்னைக்கு என ஏறி, இலக்கை எட்டினோமா என்னும் அட்டவணையாக முடிகின்றன. நள்ளிரவில் வலிப்புடன் வந்து இறங்கும் கர்ப்பிணியின் சென்ற மாத இரத்த அழுத்தம் என்ன என்று பணியிலிருக்கும் மருத்துவர் அறிய வேண்டுமாயின், பெரும்பாலும் அவர் நம்புவது கையில் கொண்டுவந்த அட்டையைத்தான். விவரம் தந்தவளுக்கு அவ்விவரம் உரிய வேளையில் திரும்பி வரவில்லை. வாங்கியது ஒருவரிடம், பயன் மற்றொருவருக்கு என்று இருப்பின், அந்த ஏட்டை நிரப்பும் செவிலியரின் உழைப்பும் வீண். வாய்திறந்து சொன்ன தாயின் நம்பிக்கையும் வீண். கல்வராயன் மலையில் கைபேசிக் கோபுரத்தின் நிழலே படாத சிற்றூர்களும் உள்ளன. அங்கே நோட்டில் எழுதிவைத்துக் கொண்டு, இணைப்புக் கிடைக்கும் இடத்திற்கு வந்தபின் ஏற்றுவதே வழி. பதிவேட்டின் அழகைப் புகழும்போது இவர்களையும் ஒருமுறை நினைப்பது நன்று.

குறைவான விவரம் கொண்டு மிகுந்த நன்மை செய்யலாம் என்பதற்கு நம் மாநிலமே சான்று காட்டியுள்ளது. 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைச் சொல்லுகிறேன். நோய் உறுதியான அன்றே எடையும் உயரமும் பார்க்கிறார்கள். காலில் வீக்கம் உண்டா, மூச்சு எத்தனை, இரத்தத்தில் உயிர்வளி எவ்வளவு, பிடிமானமின்றி எழுந்து நிற்க முடிகிறதா என்று நோக்குகிறார்கள். அவ்வளவே. பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு தாள் போதும். இவற்றால் நிலை முற்றியவர் எவர் என அறிந்து, அவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். தொடங்கிய பின்பு இறப்பு குறைந்ததை ஆய்வாளர் பதிவு செய்துள்ளனர். இதன் சிறப்பு யாதெனில், விவரம் எடுத்த இடத்திலேயே, எடுத்த பொழுதிலேயே, கொடுத்தவருக்கே அது நன்மையாகத் திரும்புகிறது. மேலிடத்திற்குச் செல்லும் புள்ளிவிவரம் அதன் உபரி. இந்த வரிசை மாறிவிடலாகாது.

சிலப்பதிகாரத்தை அறிந்த அன்பர்களுக்கு அடைக்கலக் காதை நினைவில் இருக்கும். கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கிறார். வெறுமனே விட்டுச் செல்லவில்லை. அவள் எத்தகைய குடியில் பிறந்தவள், வெயிலில் நடந்து எவ்வாறு வாடினாள், இனி அவளுக்கு என்னென்ன பேண வேண்டும் என்பவற்றைச் சொல்லி ஒப்படைக்கிறார். மாதரி தாயாக நின்று காக்க இவை தெரிந்தாக வேண்டும். ஆனால் கோவலனுடைய சென்ற கால வாழ்வை அங்கே அவிழ்த்து வைக்கவில்லை. அதனை அறிவதால் மாதரிக்கு ஆகும் காரியம் ஒன்றுமில்லை. ஒரு மருத்துவர் தம் நோயாளியை மற்றொரு மருத்துவரிடம் அனுப்பும்போது எழுத வேண்டிய கடிதத்திற்கு இதனினும் சிறந்த முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை. அடைக்கலப் பொருளைப் பூட்டி வைத்தால் மட்டும் காத்ததாகாது. உரியவர் கைக்கு உரிய அளவில் மாற்றித் தருவதும் காவலின் ஒரு பகுதி. மாற்றித் தரும் உரிமை தன் பொழுதுபோக்குக்கோ வருவாய்க்கோ வந்த உரிமை அன்று என்பதையும் உடன் கருத வேண்டும்.

மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் ஏட்டளவில் இக்கருத்தை ஒட்டியே அமைந்துள்ளது. 2020 ஆகஸ்டில் புதுச்சேரி உள்ளிட்ட 6 யூனியன் பிரதேசங்களில் சோதனையாகத் தொடங்கி, 2021 செப்டம்பர் 27 முதல் நாடு முழுதும் அது விரிக்கப்பட்டது. விரும்புவோருக்கு 14 இலக்கம் கொண்ட ஆபா எண் தரப்படுகிறது. குறிப்புகள் எந்த மருத்துவமனையில் உண்டாயினவோ அங்கேயே இருக்கும். நோயாளி இசைந்தால் மட்டும், இன்ன காரணத்திற்கு, இன்ன காலம் வரை என்று வரையறுத்து, மற்றோரிடம் அவற்றைக் காணலாம். இசைவைத் திரும்பப் பெறவும் வழியுண்டு. கொள்கையில் குறை காண்பது அரிது.

ஆயின் அந்த இசைவு எவ்வாறு பெறப்படுகிறது? கைபேசிக்கு ஓ.டி.பி. எனும் எண் வருகிறது. அதைச் சொன்னால் இசைந்ததாகப் பொருள். நம் சிற்றூர்களில் வீட்டுக்கு ஒரு கைபேசி. அது கணவனிடமோ மகனிடமோ இருக்கும். மூதாட்டியின் நோய்க் குறிப்பைத் திறக்கும் சாவி, திருப்பூரில் வேலை செய்யும் மகனுடைய சட்டைப் பையில் கிடக்கிறது. கருத்தடை ஊசி போட்டுக்கொள்ள வந்த மருமகளுக்கு அதே எண்ணில் செய்தி வருமாயின் அதனை முதலில் படிப்பவர் எவர்? வரிசையில் இருபது பேர் பின்னே நிற்க, "எண்ணைச் சொல்லுங்கம்மா" என்று கேட்டு வாங்குவதை இசைவு என்பது பொருந்துமா? எழுத்தறியாதார் கைநாட்டுப் பெற்று நிலத்தை எழுதிக்கொண்டவர்களும் ஒருகாலத்தில் அதனை இசைவு என்றுதான் கூறினர். எதற்காக, எவர் காண்பார், மறுத்தாலும் சிகிச்சை கிடைக்கும் என்று தாய்மொழியில் இரண்டு வாக்கியம் சொல்ல ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடத்திற்கு வேண்டிய ஆளை அமர்த்தாமல் கோடிக் கணக்கில் எண்கள் வழங்கினோம் என்று மகிழ்வதில் எனக்கு உடன்பாடு இல்லை.

"பெயரை நீக்கிவிட்டால் போதாதா?" என்று கேட்பார் உளர். பெருநகரத்தில் ஓரளவு போதலாம். அங்கும் ஐயமே. 1997இல் அமெரிக்காவில் லதான்யா சுவீனி என்னும் ஆராய்ச்சி மாணவி, பெயர் நீக்கி வெளியிடப்பட்ட மருத்துவக் குறிப்புகளை வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டு, மாசசூசெட்ஸ் மாநில ஆளுநரின் குறிப்பு எது என்று கண்டுபிடித்துக் காட்டினார். பிறந்த நாள், பால், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றே அதற்குப் போதுமாயின. ரிஷிவந்தியத்தை அடுத்த ஒரு குக்கிராமத்தில் இம்மூன்றும்கூட வேண்டியதில்லை. "இவ்வூர், பெண், வயது 34, சிறுநீரகச் சுத்திகரிப்பு" என்று எழுதினால் ஊரார் பெயரைத் தாமே நிரப்பிக்கொள்வர். கல்வராயன் மலையின் மலையாளி மக்களுக்கும், ஊருக்குச் சில குடிகளே கொண்ட நம் சமுதாயத்திற்கும் இது பொருந்தும். நம்முள் பெண் கொடுப்பதும் எடுப்பதும் சில ஊர்களுக்குள்ளேயே நிகழ்கின்றன. ஒரு வீட்டில் ஒருவருக்கு மனநோய் என்றோ, வலிப்பு என்றோ, வழிவழி வரும் குருதிக் குறை என்றோ வெளிப்பட்டால், அச்செய்தி அவரோடு நிற்பதில்லை. உடன்பிறந்த பெண்ணின் திருமணப் பேச்சு வரை செல்லும்.

சட்டமும் இதில் நீண்டகாலம் நோயாளிக்குப் பகையாக நின்றது. சமணரையும் உள்ளடக்கிய 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் தொழுநோய் மணவிலக்குக்குரிய காரணங்களுள் ஒன்றாக இருந்தது. முற்றிலும் குணமாக்கக் கூடிய நோய் என்று உலகம் அறிந்து பல்லாண்டு கழித்து, 2019இல்தான் அது நீக்கப்பட்டது. அதுவரை தொழுநோய்ப் பதிவேட்டில் ஏறிய ஒரு வரி, ஒரு குடும்பத்தைக் குலைக்கப் போதுமான கருவி. இன்னொரு வழக்கும் உண்டு. சென்னையில் ஒரு மருத்துவமனையில் பிறருக்காகக் குருதி கொடுத்த ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது, செய்தி கசிந்து அவருக்கு நிச்சயித்த திருமணம் நின்றது. 1998இல் உச்சநீதிமன்றம், மணக்கவிருந்த பெண்ணின் உயிரைக் கருதினால் அச்செய்தியை வெளியிட்டது குற்றமன்று என்று தீர்ப்பளித்தது. உடன், அத்தகையோரின் திருமண உரிமை பற்றியும் சில கூறியது. 2002இல் மூன்று நீதிபதிகள் கொண்ட ஆயம், அக்கூற்றுகள் வழக்கிற்குத் தேவையற்றவை என்று ஒதுக்கியது. அப்பெண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை நானும் ஏற்கிறேன். ஓர் உயிர் அதில் தங்கியிருந்தது. ஊராருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை எந்த அறநூலாலும் நிறுவ இயலாது. ஒரே செய்தி ஒரு செவியில் காப்பாகவும் அடுத்த செவியில் கொலைக் கருவியாகவும் மாறுகிறது.

இங்கே பயன் நோக்குவோர் கவனிக்க வேண்டிய ஒன்று உளது. செய்தி கசியும் என்று அஞ்சுபவர் உண்மை சொல்லமாட்டார். பதினெட்டு நிறையாமல் மணமுடித்துக் கருவுற்ற பெண், காவல் நிலையம் வரை விவரம் செல்லும் என்று அஞ்சி, மருத்துவமனைக்கு வருவதைத் தள்ளிப் போடுவாள். வந்தால் வயதைக் கூட்டிச் சொல்லுவாள். கருக்கலைப்புச் செய்துகொண்டவரின் பெயரை வெளியிடலாகாது என்று 2021இல் திருத்தப்பட்ட சட்டம் கூறுகிறது. அக்காப்பு உண்டென்று அவளுக்கு எவரும் சொல்லியிருக்கமாட்டார். குடிப்பழக்கத்தை மறைப்பவர், பழைய காசநோயை மறைப்பவர் எனப் பலரும் உளர். பொய்யான விவரம் எவ்வளவு விரைவாகப் பரிமாறப்பட்டாலும் பொய்யே. அது மருத்துவரைத் தவறான மருந்துக்கு இட்டுச் செல்லும். ஆதலின் அந்தரங்கம் காத்தலும் விவரத்தைப் பயன்படுத்தலும் ஒன்றையொன்று தடுக்கும் எனக் கருதுவோர், நோயாளி எந்த மனநிலையில் வாய்திறக்கிறார் என்பதை நோக்கவில்லை. பாதுகாப்பைப் பொறுத்தவரை, டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணிப்பொறிகளை 2022 நவம்பரில் எவரோ முடக்க, நாட்டின் தலையாய மருத்துவமனை நாட்கணக்கில் காகிதத்திற்குத் திரும்ப நேர்ந்தது என்ற ஒன்றே போதும்.

சொல்லும் சரியாக இருத்தல் வேண்டும். "தலை கிறுகிறுக்கிறது" என்பார் ஒருவர். "கண் இருட்டிக்கொண்டு வருகிறது" என்பார் மற்றொருவர். "மயக்கமாக வருகிறது" என்பார் மூன்றாமவர். மருத்துவ நோக்கில் இவை வெவ்வேறு. கணிப்பொறியில் ஏறும்போது மூன்றும் ஒரே ஆங்கிலச் சொல்லாகிவிடுகின்றன. மருத்துவமனைகள் ஒன்றன் குறிப்பை ஒன்று புரிந்துகொள்ளும் பொருட்டு, மின்னணு மருத்துவப் பதிவுகளுக்கான பொதுத் தரங்களை மத்திய அரசு 2013இல் வெளியிட்டு, 2016இல் திருத்தியது. மருத்துவர்கள் தம்முள் புரிந்துகொள்ள அது உதவும். நோயாளி புரிந்துகொள்ள உதவுவது எது? தன் உடலைப் பற்றித் தன்னிடம் கொடுக்கப்படும் தாளைப் படிக்க, அவர் தெருவில் கல்லூரி சென்ற பிள்ளை எவனேனும் உண்டா என்று தேட வேண்டியுள்ளது. படிக்கும் அப்பிள்ளைக்கும் அந்தரங்கம் தெரிந்துவிடுகிறது. என்ன நோய், என்ன மருந்து, எது ஒவ்வாது, மீண்டும் எப்போது வர வேண்டும் என்னும் நான்கு வரிகளைத் தமிழில் அச்சிட்டுத் தர எந்தக் கணிப்பொறியாலும் இயலும். அரசு இதனைக் கட்டாயமாக்கினால், பெரிய இணைப்புத் திட்டங்கள் முழுமையடையும் வரை அத்தாளே அவற்றின் பணியில் பாதியைச் செய்துவிடும்.

2023ஆம் ஆண்டுச் சட்டத்திற்குரிய விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. அவற்றின் முதன்மைக் கடமைகள் 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும். அதற்குக் காத்திராமலே நம் கையில் உள்ள உரிமை ஒன்றுண்டு. 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கழக ஒழுக்க நெறி விதிகளின்படி, உள்நோயாளியின் குறிப்புகளை மருத்துவர் 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்; நோயாளியோ அவரால் அனுமதிக்கப்பட்டவரோ கேட்டால் 72 மணி நேரத்திற்குள் தந்தாக வேண்டும். இவ்விதி அச்சேறி இருபதாண்டுகளுக்கு மேலாகிறது. பகண்டை கூட்டுரோட்டில் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு கள்ளக்குறிச்சிப் பேருந்துக்குக் காத்திருப்போரிடம், இதனை எவரேனும் உங்களுக்குச் சொன்னதுண்டா என்று கேட்டுப் பாருங்கள்.